றிவேர்ஸ் எடுக்கப் பழக்கிவிட்டு லைசன்ஸ் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண நகரத்தில் வாகனம் நிறுத்த இடமில்லை என்று அடிக்கடி யாராவது பத்திரிகைக்கு எழுதுகிறார்கள். உண்மைதான், இடம் குறைவு. ஆனால் இருக்கிற இடத்துக்குள் காரை ஒழுங்காக விடத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு என்பதைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். ஆஸ்பத்திரி வீதியிலோ கஸ்தூரியார் வீதியிலோ கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். இரண்டு காருக்கு நடுவில் இன்னொரு கார் தாராளமாகப் போகிற இடம் இருக்கும். வருகிறவர் அதைப் பார்ப்பார், பின்னுக்கு நின்று ஹோர்ன் அடிக்கிற ஓட்டோவைப் பார்ப்பார், ஏன் கரைச்சல் என்று விட்டுவிட்டு முன்னுக்குப் போய் யாருடையவோ கடை வாசலில் முன்பாதியை உள்ளே விட்டு, பின்பாதியை வீதியில் நீட்டிக்கொண்டு நிறுத்திவிட்டுப் போவார். அந்தப் பின்பாதியைச் சுற்றிக்கொண்டுதான் பிறகு பஸ், சைக்கிள், நோயாளியோடு வருகிற ஓட்டோ எல்லாம் போகவேண்டும்.

சோம்பேறித்தனம் என்று திட்டுவது சுலபம். எனக்குத் தெரிந்த வரையில் காரணம் வேறு: அவர்களுக்கு இதை ஒருவரும் பழக்கவில்லை. நான் கார் பழகப் போன இடத்தில் றிவேர்ஸ் பாடம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், வேறு இடங்களில் பழகிய சிநேகிதிகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு வெறுங்காணி, அதில் நட்ட கம்பங்கள், பயிற்சிக் காரின் பின் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் இரண்டாவது கம்பத்தோடு நேராக வந்ததும் ஸ்ரியரிங்கை முழுக்க ஒடி, பக்கக் கண்ணாடியில் மற்றக் கம்பம் தெரிந்ததும் திருப்பி விடு, நில். அவ்வளவுதான். ஏன் ஒடிக்கிறோம், ஒடித்தால் கார் என்ன செய்யும் என்று கேட்டால், "அக்கா, அதெல்லாம் யோசிச்சால் குழம்பும், ஸ்டிக்கரைப் பாருங்கோ" என்று பதில். ட்றயலுக்கு, அதாவது லைசன்ஸுக்கான செய்முறைப் பரீட்சைக்கு, அது போதும். ஆனால் வீட்டுக் காரில் ஸ்டிக்கர் இல்லை, வீதியில் கம்பம் இல்லை. அங்கே இருப்பது ஒரு பக்கத்தில் யாரோ ஒருவரின் புதுக் கார், மறுபக்கத்தில் மூடி இல்லாத வாய்க்கால். அதிலும் 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அதற்குப் பிறகு வந்து நிற்கிற கார்களின் விலையைக் கேட்டால், பக்கத்தில் போய் நிறுத்தவே கை நடுங்கும்.

எனக்குச் சரியாகப் பழக்கியவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற, இலங்கைப் போக்குவரத்துச் சபையில் (இ.போ.ச.) பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு அண்ணை. அவர் முதலில் என்னைக் காரை விட்டு இறங்கச் சொன்னார். தான் ஏறி, ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்து, முற்றத்து மணலில் மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். "பிள்ளை, பின் சில்லைப் பார்" என்றார். பார்த்தேன். பின் சில்லுகள் திரும்புவதே இல்லை. அவை காரின் உடம்போடு நேராகவே நிற்கின்றன. மணலில் உள்பக்கப் பின் சில்லு சின்ன வட்டமாகத் தடம் போட, முன் சில்லுகள் அதற்கு வெளியால் பெரிய வட்டம் போட்டுக்கொண்டு போகின்றன. கட்டையில் கட்டின ஆடு சுற்றுகிற மாதிரித்தான்: கட்டை பின் சில்லுகளின் நேரில் பக்கவாட்டில் எங்கேயோ நிற்கிறது, கயிற்றின் அந்தத்தில் இருக்கிற ஆடு உங்கள் முன் பம்பரின் மூலை. அந்த ஆடு எங்கே போய் முட்டும் என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், ஒடுக்கமான இடத்துக்குள் முன்னுக்கு விடுவதைவிடப் பின்னுக்கு விடுவது ஏன் சுலபம் என்பதே விளங்கியது. முன்னுக்கு விடும்போது, திரும்புகிற சில்லு இரண்டும் முதலில் உள்ளே போய்விடும். பின் சில்லுகள் குறுக்கால் வெட்டிக்கொண்டு வரும், பக்கத்துக் காரின் மூலையில் உங்கள் பின் கதவு உரசும், அந்த நேரம் ஸ்ரியரிங்கை என்ன செய்தும் பிரயோசனமில்லை. பின்னுக்கு விட்டால், திரும்பாத சில்லு முதலில் உள்ளே போகிறது, திரும்புகிற சில்லு வெளியே இடம் உள்ள பக்கத்தில் நின்று கடைசி வரை சரிசெய்துகொண்டே வருகிறது. கஷ்டமாகத் தெரிகிற வேலைதான் உண்மையில் வசதியானது. பழகாத ஆளுக்கு இது நம்பக் கஷ்டம், அது எனக்கும் தெரியும்.

சரி, செய்வது எப்படி? இடது பக்கத்தில் வீதிக்குக் குறுக்காக, பக்கத்துக்குப் பக்கம் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன, நடுவில் ஒரு இடம் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இடது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், பின் சில்லும் அதற்குப் பக்கத்து நிலமும் தெரிகிற அளவுக்கு. இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை, பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். நிற்கிற கார்களில் இருந்து ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் தள்ளி நேராக முன்னுக்குப் போய், அந்த இடத்தைத் தாண்டி நில்லுங்கள். எவ்வளவு தாண்டுவது என்பது காருக்குக் கார் வேறுபடும், அதனால்தான் ஸ்டிக்கர் கணக்கு உதவாது. சுற்றிவரப் பார்த்துவிட்டு, இடது பக்கம் முழுக்க ஒடித்து, ஆள் நடக்கிற வேகத்தைவிடவும் மெதுவாக எடுங்கள். கியர் காரென்றால் அரைக் கிளச், ஓட்டோமற்றிக் என்றால் பிறேக்கில் இருந்து காலை மெல்லத் தளர்த்தினாலே போதும், அக்சிலறேற்றர் பக்கமே கால் போகத் தேவையில்லை. இடது பின் சில்லுக்கும் பக்கத்துக் காரின் மூலைக்கும் இடையில் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் அவசரப்பட்டு ஒடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், நில்லுங்கள். தாராளமாக இருந்தால் தொடருங்கள். இடைக்கிடை வலது முன் மூலையையும் பார்க்கவேண்டும், அதுதான் வீதிப் பக்கம் வீசிக்கொண்டு வருவது, அங்கே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் புகுந்து போகப் பார்த்துக்கொண்டிருப்பார், யாழ்ப்பாணத்தில் அது நிச்சயம். கார் பக்கத்துக் கார்களோடு சமாந்தரமாக வந்ததும் சில்லை நேராக்குங்கள். சில்லு நேரா இல்லையா என்று தெரியாவிட்டால், பெரும்பாலான சின்னக் கார்களில் ஒரு பக்கம் முழுக்க ஒடித்ததில் இருந்து மறுபக்கம் முழுக்க ஒடிக்க ஏறக்குறைய மூன்று சுற்று, ஆகவே நடுவுக்கு வர ஒன்றரை. பிறகு இரண்டு கண்ணாடியிலும் இடைவெளி ஒரே அளவா என்று பார்த்துக்கொண்டு பின்னுக்கு.

கோணலாகப் போய்விட்டதா? முன்னுக்கு எடுத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். இதில் என்ன வெட்கம்? பின்னுக்கே போய்க் கோணலைச் சரிப்படுத்தப் பார்ப்பதால்தான் பக்கத்துக் கார்க் கதவில் கோடு விழுகிறது. முன்னுக்கு வரும்போதே காரைப் பக்கத்துக் கார்களோடு நேராக்கி, பிறகு சில்லையும் நேராக்கிக்கொண்டு பின்னுக்குப் போனால் கார் நேராக உள்ளே போகும்.

கார் நிற்கும்போது ஸ்ரியரிங்கைச் சுற்றக் கூடாது, ரயர் தேயும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேயும்தான். ஆனால் அந்த அறிவுரை பவர் ஸ்ரியரிங் இல்லாத மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காலத்துச் சாமான். அந்தக் கார்களில் நின்ற இடத்தில் சுற்றினால் தோள் கழன்றுவிடும், கார் உருளத் தொடங்கினால்தான் ஸ்ரியரிங் இளகும். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடித் திரிந்தவையும் அந்தக் கார்கள்தான், அதை ஓட்டியவர்களுக்கு இந்த விஷயத்தில் கதைக்க முழு உரிமையும் இருக்கிறது. ஆனாலும் பழகுகிற பிள்ளைக்கு நான் சொல்வேன்: நின்று, ஆறுதலாகச் சுற்றி, பிறகு எடு. பக்கத்துக் காரின் பம்பரோடு பார்த்தால் உன் ரயர் மலிவு.

இனி, உதவிக்கு வருகிறவர்கள். ஒரு பெண் றிவேர்ஸ் எடுக்கிறாள் என்று கண்டால் சந்தியில் நிற்கிற அத்தனை பேரும் வாத்தியார்தான். ஒருவர் "வரட்டும், வரட்டும்" என்பார், ஒருவர் "லெப்ட்டில ஒடியுங்கோ அக்கா" என்பார், அவர் காருக்கு முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் அவருடைய லெப்ட் எனக்கு றைற். மூன்றாவது ஆள் டிக்கியில் தட்டுவார், அது வா என்பதா நில் என்பதா என்று அவருக்கும் தெரியாது. நல்ல மனதோடுதான் வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவர்களில் ஒருவராவது சரியாகக் காரின் பின்பக்கம், நடுவில், எந்தக் கண்ணாடியிலும் தெரியாத இடத்தில்தான் போய் நிற்பார். கிளச்சில் கால் வழுக்கினால் முதலில் அடிபடப் போவது அவர். உண்மையில் உதவுவதென்றால் ஒருவர் மட்டும் ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியில் தெரிகிற பக்கமாக நின்று, இடித்துவிடும்போல் இருந்தால் கையை உயர்த்தி "நில்" என்று காட்டினால் போதும். ஒடிப்பதை ஓட்டுகிற ஆளிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது கமரா இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, நல்லது, அமெரிக்காவில் 2018 மே மாதத்தில் இருந்து புதிய கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியே விட்டார்கள். வீட்டு முற்றத்தில் பின்னுக்கு வரும் வாகனங்களில் சின்னப் பிள்ளைகள் அடிபட்டதுதான் அந்தச் சட்டம் வரக் காரணம். ஆனால் கமரா காட்டுவது பின்னுக்கு இருப்பதை மட்டும். வீசிக்கொண்டு வருகிற முன் மூலையை அது காட்டாது. அகலக் கோணக் கண்ணாடி என்பதால் சுவர் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருக்கிற மாதிரித் தெரியும். கார்த்திகை மார்கழி மழையில் நம்முடைய செம்மண் ஒழுங்கையால் ஒருதரம் போய் வந்தால் திரையில் தெரிவது சேறு மட்டும்தான், துணியால் துடைத்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். யப்பானில் இருந்து வந்த கார்களில் திரை முழுக்க யப்பான் எழுத்து, மஞ்சள் கோடு எது, சிவப்புக் கோடு எது என்று கார் விற்றவருக்கும் தெரியாது. சென்சரோ இன்னும் மோசம். மதிலைக் கண்டால் கத்தும், மெல்லிய கம்பிக் கட்டையைக் கண்டால் சிலவேளை கத்தும், வாய்க்காலுக்குக் கத்தவே கத்தாது. எதிரில் ஏதாவது பொருள் இருந்து ஒலி திரும்பி வந்தால்தான் அதற்கு விளங்கும், பள்ளத்தில் இருந்து என்ன திரும்பி வரும்? ஹைபிறிட் கார்கள் பலவற்றில் இன்னொரு சிக்கல். றிவேர்ஸ் போட்டதும் கார் உள்ளே பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும், வெளியே போகிற ஆளுக்கு எதுவும் கேட்காது, எஞ்சின் சத்தமும் இல்லை. நமக்குக் கேட்கிறதே, அவருக்கும் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு எடுக்கிறோம்.

கடைத்தெருவை விடுங்கள், வீட்டுக் கேற்றடியில் இது இன்னும் முக்கியம். எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் ஆளுயர மதில். காலையில் ஏழு மணிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வரிசையாகப் போகிற நேரத்தில், ஒவ்வொரு கேற்றாலும் ஒரு கார் பின்பக்கமாக வெளியே வருகிறது. ஓட்டுகிறவர் காரின் முன்பாதியில் இருக்கிறார், அவருக்கு ஒழுங்கை தெரியும்போது காரின் பாதிக்கு மேல் ஏற்கனவே ஒழுங்கையில் நிற்கிறது. முதல்நாள் பின்னேரம் வீட்டுக்கு வரும்போதே, ஒழுங்கையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பின்பக்கமாக உள்ளே விட்டிருந்தால், காலையில் முன்பக்கமாக, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வரலாம். ஒன்று மட்டும்: உள்ளே விடுவதற்கு முன் இறங்கி முற்றத்தை ஒருதரம் பாருங்கள், அப்பாவின் கார்ச் சத்தம் கேட்டால் சின்னதுகள் ஓடிவரும். பிரித்தானிய வீதி ஒழுங்கு நூலில் 201ஆவது விதி இதைத்தான் சொல்கிறது: வீட்டு வாசல்களில் முடிந்தால் பின்பக்கமாக உள்ளே போய் முன்பக்கமாக வெளியே வா, ஒழுங்கையில் இருந்து பெருவீதிக்குப் பின்பக்கமாக வராதே. நம் ஆட்கள் பாதிப் பேர் லண்டனில் இருக்கிறார்கள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். அங்கே 2017 டிசம்பரில் செய்முறைப் பரீட்சையை மாற்றி, மூலையைச் சுற்றிப் பின்னுக்கு எடுப்பதை நீக்கிவிட்டார்கள். ஆனால் பார்க்கிங் கோட்டுக்குள் காரை விட்டு எடுப்பது பரீட்சையில் கேட்கக்கூடிய ஒன்றாக இருக்கிறது. அன்றாடம் தேவைப்படுவதைச் சோதி என்பதுதான் அங்கே யோசனை.

நல்லூர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்குப் பூட்டு, தள்ளித் தள்ளிக் காணிகளிலும் வளவுகளிலும்தான் விடவேண்டும். வரும்போது சனம் குறைவு, ஆறுதலாகப் பின்பக்கமாக விட நேரம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அவசரமாக முன்பக்கமாக விட்டுவிட்டு ஓடுகிறார்கள். தேர், தீர்த்தம் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பும்போது, கைக்குழந்தையும் கச்சான் சரையுமாகப் போகிற சனத்துக்குள் அத்தனை காரும் பின்பக்கமாக வருகின்றன. இதுவரை பெரிதாக ஒன்றும் நடக்காமல் இருந்தால் அது கந்தனின் கருணையே தவிர நம்முடைய கெட்டித்தனம் இல்லை.

ஆகவே, கார் பழக்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசிப் பாடங்களில் ஸ்டிக்கரைக் கழற்றிவிடுங்கள். மாணவர் நாளைக்கு ஓட்டப்போகிற சொந்தக் காரையே கொண்டுவரச் சொல்லி, உண்மையான இரண்டு காருக்கு நடுவில் விடப் பழக்குங்கள். அதற்கு மேலதிகமாகக் காசு வாங்கினாலும் பரவாயில்லை, தருவோம்.

மாநகர சபையிடம் கேட்பதும் பெரிய செலவில்லை. ஏதாவது ஒரு வெளியான நிலத்தில், கடலோரத்துப் பண்ணைப் பகுதியாக இருந்தாலும் சரி, ஞாயிறு காலையில் மட்டும் பழகுகிறவர்களுக்கு விட்டு, நிலத்தில் நாலைந்து பார்க்கிங் பெட்டிக்கு வெள்ளைக் கோடு போட்டுத் தாருங்கள். இங்கிலாந்தில் வழக்கமான அளவு 2.4 மீற்றர் அகலம், 4.8 மீற்றர் நீளம், நம் கணக்கில் ஏறக்குறைய எட்டடிக்குப் பதினாறடி. யப்பானில் இருந்து வருகிற வெகன் ஆர் மாதிரி, 'கெய்' என்று சொல்கிற சின்ன வகைக் கார்களுக்கு அகலம் 1.48 மீற்றரைத் தாண்டக்கூடாது, ரொயோட்டா அக்குவாவின் அகலம் 1.695 மீற்றர், இரண்டுமே அதற்குள் போய்க் கதவும் திறக்கலாம். நகரத்தில் புதிதாகக் கோடு போடும்போதும் இந்த அளவைவிடக் குறைக்காமல் போடுங்கள். போட்ட கோட்டின் ஒரு பக்கம் வாய்க்கால் என்றால் முதலில் அதற்கு மூடி.

அதுவரைக்கும் வீட்டில் முற்றம் உள்ளவர்கள் அந்த எட்டடிக்குப் பதினாறடியை அளந்து, நாலு மூலையிலும் பழைய பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வைத்துப் பழகலாம். கல் வைக்காதீர்கள். வாளியில் இடித்தால் சத்தம் கேட்கும், காருக்கு ஒன்றும் ஆகாது, வாளியும் அநேகமாகத் தப்பிவிடும்.

இப்படிக்கு,
கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி